குஃப்ரியா, குல்மார்க்கா

17 நவம்பர் 1974, ஞாயிறு

காலையில் பொன்னுத்தாயி வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். அரியக்குடியிலிருந்து சைக்கிளிலேயே வந்து போகிறவள். கையில் இரண்டு கவர். சிம்லாவுக்கும் ஸ்ரீநகருக்கும் நாங்கள் எழுதிப்போட்ட கடிதங்களுக்குப் பதில் வந்துவிட்டது.

பதினெட்டு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். பனியாறு, பனிக்கோடு என்று கரும்பலகையில் எழுதாத வருஷமில்லை. போன மாதம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், பனி மேல நடந்தா சத்தம் கேக்குமா?" தெரியாது என்றேன். அப்படிச் சொன்னதில் வெட்கமில்லை. தெரியாமலே ரிட்டயர் ஆகிவிடுவேனோ என்றுதான் அன்று முழுக்க உறுத்தியது.

அரைப்பரீட்சை லீவில் போகிறோம். அது முடிவு. எங்கே என்பதுதான் பாக்கி.

18 நவம்பர்

இரண்டு இடத்திலும் பனிச்சறுக்கு உண்டு. குஃப்ரி கிட்டத்தில் இருக்கிறது. சிம்லா வரை ரயில், பிறகு ஒரு மணி நேர பஸ். ஆனால் டிசம்பர் கடைசியில் பனி விழுந்தாலும் விழும், விழாமலும் போகும் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீநகர்ப் பக்கத்துக் குல்மார்க்கில் பனி நிச்சயம், புதிதாக வருகிறவர்களுக்குச் சறுக்கவும் சொல்லித்தருகிறார்களாம். ஜம்முவுக்கு மேல் மலைப்பாதைதான் பயம். பனி கொட்டினால் ரோட்டை அடைத்துவிடுவார்கள். லீவோ பன்னிரண்டு நாள்.

பொன்னுத்தாயி குல்மார்க் என்கிறாள். "ஆச்சி, அம்புட்டுத் தூரம் போயி வெறும் பாறையப் பாத்துட்டு வரவா?"

எனக்கு இன்னும் பிடி கிடைக்கவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். நாலு வருஷம் முன்பு என் வீட்டுக்காரர் குமரப்பன் காலமானதிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். கேட்காமல் போவது முறையில்லை. கேட்பது வேறு, சொல்வது வேறு. சொன்னேன்.

"காசி, ராமேசுவரம்னா நானே கூட்டிட்டுப் போறேன். ஒன் நெலமையில சறுக்கி வெளையாடவா போவாக? ஊருல என்ன பேசுவாக?"

"என் நெலமைக்கு என்னண்ணே? காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அழவில்லை நான். அவர் இலையை எடுத்துவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

28 நவம்பர்

அண்ணன் இறங்கி வந்தார். டில்லியில் வியாபாரம் செய்யும் கண்டரமாணிக்கத்துக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டாராம். "குஃப்ரின்னா போயிட்டு வா. அவுக குடும்பத்தோட தொணைக்கு வருவாக, நல்ல ஓட்டலாப் பாத்துத் தருவாக. நீ ரூம விட்டு வெளிய வரக்கூட வேணாம். சன்னல்லயே எல்லாந் தெரியும்."

அன்போடுதான் சொன்னார்.

சன்னலில் பார்ப்பதற்கா?

29 நவம்பர்

குல்மார்க்.

20 டிசம்பர், வெள்ளி

ராத்திரி ரயில். அண்ணன் மனைவி பெத்தாச்சி சீப்புச்சீடையும் புளியோதரையும் கட்டிக் கொடுத்தாள். வாசல் வரை வந்து, "கீழ விழுந்துறாதீக" என்றாள். அண்ணன் வெளியே வரவில்லை. ஸ்டேஷனுக்கு வண்டி மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

25 டிசம்பர், ராம்பன்

நேற்று பிற்பகலிலிருந்து, ஜம்முவுக்கு மேலே மலைப்பாதையில், இங்கே நிற்கிறோம். மேலே ரோடு அடைபட்டுவிட்டது. முன்னால் நூறு லாரியாவது இருக்கும். நாளைக்குத் திறப்பார்களா என்று கேட்டால் டிரைவர் வானத்தைக் காட்டுகிறார்.

குல்மார்க் என்று அடம்பிடித்த பொன்னுத்தாயியே இன்று தளர்ந்துவிட்டாள். "இப்பத் திரும்புனாக்கூட குஃப்ரியப் பாத்துட்டு லீவுக்குள்ள ஊரு போயிறலாம் ஆச்சி. மெமோ கிமோ குடுத்துட்டா?"

"குடுத்தா வாங்கிக்குவோம்" என்றேன். எனக்கே ஆச்சரியம்.

26 டிசம்பர்

நிற்கிறோம். சீப்புச்சீடையும் தீர்ந்தது.

28 டிசம்பர், குல்மார்க்

நேற்று ரோட்டைத் திறந்தார்கள். இன்று பஸ் நிற்கும் தங்மார்க்கிலிருந்து மட்டக்குதிரையில் வந்து சேர்ந்தோம். இறங்கி முதல் அடி வைத்ததும் காலடியில் நறநறவென்றது. சத்தம் கேட்கிறது! பொன்னுத்தாயியைப் பேச விடாமல் பத்தடி நடந்து நடந்து கேட்டேன்.

சறுக்கச் சொல்லித்தருகிறவர் பெயர் ரசூல். ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள், அரைகுறை இங்கிலீஷ் பேசுகிறார். கம்பளிப் பேண்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். மேலே என் வெள்ளைச் சால்வையைச் சுற்றிக்கொண்டேன். கூடாது என்றார். மேகம் இறங்கினால் பனியில் வெள்ளை உடுத்திய ஆள் கண்ணுக்கே தெரியாதாம். விழுந்து கிடந்தால் தேட முடியாதாம். சிவப்புக் கோட்டு ஒன்றை நீட்டினார்.

நாலு வருஷமாக என் உடம்பில் நிறம் பட்டதில்லை. வேறு நிறம் இல்லையா என்றேன். மஞ்சள் இருக்கிறது என்றார்.

பொன்னுத்தாயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிவப்பையே வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதை யாரிடம் சொல்ல? என் வீட்டுக்காரர் இருந்து, அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் — மனசாரச் சிரித்திருப்பார்.

29 டிசம்பர்

முழு நாள் இன்று ஒன்றுதான் எங்களுக்கு. காலையிலேயே பொன்னுத்தாயிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அடுப்போரம் உட்கார்ந்து, "எனக்கும் சேத்துப் போயிட்டு வாங்க ஆச்சி" என்றாள்.

பதினோரு தடவை விழுந்தேன். எண்ணினேன். பயத்தில் பின்னால் சாய்கிறீர்கள், அதனால்தான் விழுகிறீர்கள் என்றார் ரசூல். முட்டியை மடக்கி, இறக்கத்தைப் பார்த்துக் குனியச் சொன்னார். நாற்பத்தொரு வயதில் இடுப்பு கேட்க வேண்டுமே. மதியத்துக்கு மேல் இனி வேண்டாம் என்று நான் சொல்லக் காத்திருந்தார். சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தடவை விழவில்லை. மேட்டிலிருந்து கீழே கம்பு நட்ட இடம் வரைக்கும், காதில் காற்று அறைய, தனியாக. கீழே போய் எப்படி நிற்பது என்று தெரியாமல் ஒரு பனிக்குவியலில் போய்ச் செருகிக்கொண்டேன். அது விழுந்த கணக்கில் சேராது.

6 ஜனவரி 1975, திங்கள்

நேற்றுதான் ஊர் வந்தோம். பள்ளி இரண்டாம் தேதியே திறந்துவிட்டது. மேஜை மேல் இரண்டு மெமோ தயாராக இருந்தன. விளக்கத்தில் காய்ச்சல் என்று எழுதலாமா என்றாள் பொன்னுத்தாயி. அவள் நொண்டுவதைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்தான். "பனி பார்க்கப் போனோம். பாதை அடைபட்டது. தாமதமான நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகக் கொள்ளவும்" என்று இரண்டையும் நானே எழுதினேன். தலைமை ஆசிரியை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் இன்னும் பேசவில்லை.

13 ஜனவரி, திங்கள்

சனிக்கிழமை கடைவீதிக்குப் போய், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல் சேலை எடுத்து வந்தேன். நேற்றெல்லாம் அது பெட்டி மேலேயே கிடந்தது. இன்று கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பெத்தாச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். பிறகு குனிந்து, பின்கொசுவத்தை நீவிச் சரிசெய்துவிட்டாள்.

அண்ணன் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பேப்பருக்குள் போனார். நான் செருப்பு மாட்டும்போது, தலையைத் தூக்காமலே, "பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றார்.

ஆகிவிட்டதுதான். கிளம்பினேன்.