எந்த இலையக்கா போட்டாய்?

என்னை இடுப்பில் தூக்கித் தூக்கியே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நடக்கப் பழகின என் சரசக்காவுக்கு,

தம்பி வேலுச்சாமி எழுதுவது. நீ போன இடத்தில் வெயில் எப்படி? இங்கே கொழிஞ்சாம்பாறையில் இந்தச் சித்திரை மனுசனை உயிரோடு வறுக்கிறது. நேற்று நம் களத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த காக்கை ஒன்று அப்படியே வெந்து கீழே விழுந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சரி, விழவில்லை, உட்கார்ந்தது. ஆனால் களைத்துப்போய்த்தான் உட்கார்ந்தது, அதில் மாற்றமில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் அக்கா. நேரில் கேட்பதற்குப் பதினோரு வருஷம் இருந்தது, கேட்கவில்லை. கேட்டால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்று பயம். இப்போது நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வெயில் காலத்தில் நீ செய்வாயே எலைப்பழம், அதில் எந்த இலையைப் போட்டாய்?

ஏன் கேட்கிறேன் என்றால், உன் மகள் பூங்கொடி வந்திருக்கிறாள். முழுகாமல் இருக்கிறாள் அக்கா. மூன்றாம் மாதம். நீ போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் இந்தச் செய்தியை நீயே தெருவெல்லாம் சொல்லியிருப்பாய். உனக்கு அப்படி என்ன அவசரம்?

குமுளியில் அவளால் இருக்க முடியவில்லை. நம் மாப்பிள்ளைக்கு ஏலக்காய்க் கடையில் வேலை என்பது உனக்குத் தெரியும். சட்டையில் ஏலக்காய், தலையணையில் ஏலக்காய், குடிக்கிற தண்ணீரில்கூட ஏலக்காய் மணம். கல்யாணத்தின்போது நாம் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்று சொன்ன அந்த மணம்தான் மசக்கையில் அவளைப் புரட்டி எடுத்துவிட்டது. நான்தான் போய்க் கூட்டி வந்தேன். கம்பம் இறக்கத்தில் அத்தனை வளைவிலும் டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் வண்டியைத் திருப்பினார்.

இங்கே வந்தும் நிற்கவில்லை. கஞ்சி நிற்கவில்லை, இளநீர் நிற்கவில்லை. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிற்று. கம்பவுண்டர் வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு நாள் பாப்பனுங்க. அதுக்குள்ள எதாச்சும் உள்ள நிக்கோணும். இல்லீன்னா பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகோணும், புள்ளைக்கும் ஆகாது, தாய்க்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, போட்டுக்கொண்டிருந்த சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

அப்போதுதான் பூங்கொடி பாயில் படுத்தவாக்கில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங் மாமா, அம்மா வெயிலுக்கு எலைப்பழம் பண்ணுவாளே, அதுன்னா உள்ள போகும்னு தோணுதுங்."

"அதுக்கென்ன அம்மிணி, உங்க மாமன்தானே உங்கம்மாளுக்கே சொல்லிக் குடுத்தது" என்றார் மச்சான். சட்டையின் அடுத்த கையும் உள்ளே போயிற்று. "ஏம் மாப்ள, செஞ்சு போடுவீல்ல?"

நான் மீசையை ஒதுக்கிக்கொண்டேன். "செய்யறதாவது! துரையே என்ற கையாலதான் வேணும்பான்."

சொல்லிவிட்டேன். பிறகுதான் அந்த இலை எதுவென்றே தெரியாது என்பது உறைத்தது.

காந்தலூரில் நான் மூன்று வருஷம் துரை பங்களாவில் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன் என்று உனக்கும் ஊருக்கும் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நான் கிளம்பியபோது துரையம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள் என்றும் சொல்லியிருக்கிறேன். அக்கா, நான் அங்கே விறகு சுமந்தேன். ஏழு மாதம். பின்வாசலில் கட்டை இறக்கிப் போடுகிற வேலை. ஒரு நாள் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் நறுக்கிப் போட்ட பிளம்ஸ், ஆரஞ்சு, மாம்பழம், எல்லாவற்றுக்கும் மேலே பச்சையாய் ஏதோ இலை. உற்றுப் பார்ப்பதற்குள் சமையல்காரன் ஜன்னலைச் சாத்திவிட்டான். அவ்வளவுதான் நான் கற்ற வித்தை.

ஊருக்கு வந்து அதை என் கையால் செய்ததாக உன்னிடம் சொன்னேன். நீ முறத்தை வைத்துவிட்டுக் கேட்டாய், "பழத்துல எலையா? என்ன எலைடா?" வாயில் வந்ததைச் சொன்னேன். என்ன வந்தது என்பது எனக்கே ஞாபகத்தில் நிற்கவில்லை, நீ மறுபடி கேட்டபோதெல்லாம் அப்படித்தான்.

ஆனால் நீ செய்தாய். மாம்பழம், வெள்ளரிப்பழம், பூவன்பழம், நுங்கு. எலுமிச்சை பிழிந்து, ஒரு கை நாட்டுச் சர்க்கரை போட்டு, உப்புக்கல் ஒன்றை விரலால் நுணுக்கிப் போட்டு, தூக்குப்போசியில் மூடிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் பாதி முங்க இறக்கிவைப்பாய். மத்தியானம் காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மேலே எடுத்துக் கொடுக்கும்போது போசியின் வெளிப்பக்கம் வேர்த்திருக்கும். எனக்கு மட்டும் கூட ஒரு கரண்டி. "உன்ற பங்களாவுல இப்புடித்தான் இருக்குமாடா?" என்பாய். "இதவிடக் கொஞ்சம் கம்மிதான்க்கா" என்பேன். நான் சொன்ன ஒரே உண்மை அதுதானோ என்னவோ.

சரி, பழம் தெரியும். இலை? மச்சானிடம் பேச்சோடு பேச்சாக விட்டுப் பார்த்தேன்.

"துளசி. இதுல என்ன சந்தேகம்? நான்தான் பறிச்சுக் குடுப்பேன்."

பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினாள். "துளசியா? நல்லா இருக்குது போங்க! புதினா. என்ற ஊட்டுல இருந்துதான் கொத்தோட வாங்கிட்டுப் போவா சரசு."

"என்ற பொண்டாட்டி என்ன போட்டான்னு எனக்குத் தெரியாதா?"

"தின்னுபோட்டுக் கிண்ணத்தக்கூடக் கழுவாதவருக்கு என்னத்தத் தெரியும்?"

பாயிலிருந்து பூங்கொடியின் குரல், "என்ற நெனப்புல நிக்கறது எலுமிச்சங் கொழுந்து. எனக்கு வாசம் இப்பவும் மூக்குலயே இருக்குது."

மூன்று பேர், மூன்று இலை. ஒருத்தர் குரலிலும் துளி சந்தேகம் இல்லை. பொய் சொல்கிறவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை சுற்றியது. ஏதோ ஒரு வருஷம் கொத்தமல்லி தின்றதாக என் நாக்குக்கும் ஒரு ஞாபகம் வந்து சேர்ந்தது.

முதல் நாள் சந்தைக்குப் போய்ப் பழம் வாங்கினேன். பெரிய சமையல்காரன் அல்லவா, ஒரு அன்னாசியும் ஒரு பப்பாளியும் சேர்த்தே வாங்கி வந்தேன். ருக்குமணியக்கா பையைத் திறந்து பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அட அறிவுகெட்ட மனுசா! மசக்கைக்காரி இருக்கற ஊட்டுக்குப் பப்பாளியா? அன்னாசியா? நீ மாமனா, எமனா?" இரண்டையும் வேலிக்கு மேலாக எருமைக் கொட்டகைப் பக்கம் வீசினாள். எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா, துரை பங்களா ஞாபகத்தில் மறந்துவிட்டது.

மிச்சப் பழங்களை நறுக்கினேன். யார் மனமும் கோணக் கூடாது என்று துளசி, புதினா, எலுமிச்சங் கொழுந்து மூன்றையும் அரிவாள்மணையில் பொடிப்பொடியாக அரிந்து கொட்டினேன். இலையெல்லாம் கறுத்துப்போயிற்று. கோயில் தீர்த்தத்தைப் பிரியாணிச் சட்டியில் ஊற்றியது மாதிரி ஒரு வாசம். பூங்கொடி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். எனக்காக விழுங்கியும் விட்டாள். பிறகு எழுந்து பின்னால் குளிக்கிற பொடக்காலிக்கு ஓடினாள். நான் சொம்பில் தண்ணீரோடு வெளியே நின்றேன். அவள் முதுகு குலுங்குவது தெரிந்தது. நீ நிற்க வேண்டிய இடம் அது.

இரண்டாம் நாள் துளசி மட்டும். நிற்கவில்லை. அன்று சாயங்காலமே புதினா மட்டும். அதுவும் நிற்கவில்லை. மச்சான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ஒரு பையில் துணி மடித்து வைத்துவிட்டார். உன் புடவை ஒன்றும் அதற்குள் இருந்தது, மகளுக்குப் போர்த்த.

மூன்றாம் நாள் காலையில் எலுமிச்சங் கொழுந்து பறிக்கக் கிளம்பினேன், அந்தப் பையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. பாயோரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, உங்க மாமன் சமையக்காரன் இல்ல சாமி. வெறகு சொமந்தவன். அந்த எலை என்னன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஜன்னல் வழியா பாத்ததோட செரி."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உதடு வெடித்திருந்த அந்த முகத்தில் சிரிப்பு வந்தது அக்கா. வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

"அது எனக்குத் தெரியுமுங் மாமா."

"ஆரு சொன்னா?"

"அம்மாதான். நீங்க ஒவ்வொரு வருசமும் வந்து வேற வேற எலை சொல்லுவீங்களாமா. மொத வருசம் துளசின்னீங்க, அடுத்த வருசம் புதினா, பொறவு எலுமிச்சை, பொறவு கொத்தமல்லி. அந்தந்த வருசம் நீங்க சொன்னதையே அம்மா போட்டுப் பாப்பா. 'அடுத்த வருசம் உங்க மாமன் வேப்பிலைன்னு சொல்லாம இருக்கோணும்டி'ன்னு சிரிப்பா."

அப்படியானால் மச்சான் சொன்னதும் சரி, ருக்குமணியக்கா சொன்னதும் சரி, இவள் சொன்னதும் சரி. என் நாக்கின் கொத்தமல்லியும் சரி. நான் அளந்ததையெல்லாம் நீ வருஷத்துக்கு ஒன்றாகக் கிள்ளிப் போட்டு எங்கள் எல்லோருக்கும் தின்னக் கொடுத்திருக்கிறாய்.

"இந்த வருசத்துக்கு இன்னும் சொல்லவே இல்லீங்களே மாமா" என்றாள் பூங்கொடி. "சொல்லுங். என்ன எலை?"

பொய் என்று ஒன்று என் வாயில் வராமல் நின்றது அன்றைக்குத்தான். எழுந்து பின்பக்கம் போனேன். நீ பாத்திரம் விளக்குகிற கல்லுக்குப் பக்கத்தில் திருநீற்றுப் பச்சிலை ஒரு செடி நின்றது. யார் வைத்தது? போன வருஷம் நீ உதறிய விதையா? நீ இல்லாமல் இந்த வெயிலில் அதற்கு யார் தண்ணீர் விட்டது? ஒன்றும் விளங்கவில்லை. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்தது மாதிரி இருந்தது.

வெள்ளரிப்பழமும் மாம்பழமும் நுங்கும் மட்டும். எலுமிச்சை, நாட்டுச் சர்க்கரை, ஒரு உப்புக்கல். கிணற்றில் இறக்கி, மத்தியானம் ஏற்றி, இலையை அரியாமல் கையால் கிழித்துக் கடைசியில் போட்டேன். கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இது சாதாரண எலையில்ல அம்மிணி. சீமையிலிருந்து ஒரு ராணியம்மா பங்களாவுக்கு வந்திருந்தா. மூணு நாளா பச்சத் தண்ணி எறங்கல. துரை ஓடியாந்து, 'வேலு, நீதாம்ப்பா காப்பாத்தோணும்'னு என்ற கையப் புடிச்சான். நான் இந்தச் செடியத்தான் போயிக் கிள்ளியாந்தேன்."

"பொறவு என்னாச்சுங் மாமா?" ஒரு கரண்டி.

"ராணியம்மா ஒரு கிண்ணம் தின்னா. இன்னொண்ணு கேட்டா."

"பொறவு?" இன்னொரு கரண்டி.

ராணியம்மாவுக்குப் பிள்ளை பிறந்து, அதற்கு வேலு என்று பெயர் வைத்து, குதிரையில் ஏற்றி அனுப்புகிற வரைக்கும் கதை போயிற்று. கிண்ணம் காலி. மச்சான் கதவோரம், ருக்குமணியக்கா வேலியோரம், நான் சொம்போடு. பூங்கொடி ஒரு ஏப்பம் விட்டாள். பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

மச்சான் அந்தப் பையைப் பிரித்து உன் புடவையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இப்போது ஒரு வாரமாகத் தினமும் ஒரு கிண்ணம், கூடவே கொஞ்சம் கஞ்சியும் நிற்கிறது.

ஆனால் எனக்குத்தான் நிற்கவில்லை அக்கா. உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பொய் என்று தெரிந்தும் பதினோரு வருஷம் செய்தாயா? இல்லை, அடுத்த இலையாவது நிஜமாக இருக்கும் என்று நம்பினாயா? எனக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகம் போட்டது கேலியா, பாசமா? இரண்டும் ஒன்றுதானா? யோசிக்க யோசிக்கக் குழம்புகிறது. யாரைக் கேட்பேன்?

இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்யப் போவதில்லை. அதுவே பொய்யாகிவிடும். வேறு ஒன்று சத்தியம் செய்கிறேன். அடுத்த சித்திரைக்கு இந்த வீட்டில் உன் பேரனோ பேத்தியோ தவழும். வருஷத்துக்கு ஒரு இலை நான் சொல்லுவேன். சொல்வதற்கு முன்னால் அதை முதலில் என் வாயில் போட்டு மென்று பார்ப்பேன், வேப்பிலையாக இருந்தாலும்.

இப்படிக்கு,
நீ நம்பினாயா நம்பவில்லையா என்று தெரியாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும்
உன் கூடப்பிறந்த தம்பி வேலுச்சாமி
(எட்டாம் வகுப்பு வரை. சரி அக்கா, ஏழு.)