என் குரலில் வந்த பதில்

மார்ச் 3

தொண்டை கட்டியிருக்கிறது. ஒலிப்பதிவு தள்ளிப்போயிற்று. சும்மா இருக்க முடியாமல் மேடைத் துணிகளை இஸ்திரிக் கடைக்கு நானே எடுத்துப் போனேன். அங்கே புதிதாக ஒரு பெண். இடது கையில் மாவுக்கட்டு, வலது கையால் மட்டும் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னபடியே அவர்கிட்ட திரும்பிப் போயிட்டேன்க்கா."

யாரிடம்? நான் எப்போது சொன்னேன்? கேட்பதற்குள் கடைக்கார அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவள் குனிந்து மடிக்கத் தொடங்கினாள்.

மார்ச் 4

மனசு கேட்காமல் மறுபடி போனேன். கடைக்கார அம்மா இல்லாத நேரம். அவள் போனை எடுத்து, ரசிகர்களுக்கான என் இணையப் பக்கத்திலிருந்து வந்த குரல்செய்தியைப் போட்டுக் காட்டினாள்.

"கண்ணு, குடும்பம்னா நாலும் இருக்கும்டா. நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். வீட்டுக்குப் போ. உனக்காக நான் பாடுறேன்."

என் குரல். 'கண்ணு' என்று நான்தான் கூப்பிடுவேன். வாக்கியத்தின் முடிவில் மூச்சை இழுப்பதும் நான்தான். ஆனால் இதை நான் பேசவில்லை. பேசவே இல்லை!

கணவன் கையை முறுக்குகிறான், தோழி வீட்டில் இருக்கிறேன், என்ன செய்யட்டும் என்று அவள் என் பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். இந்தப் பதிலைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள். அப்புறம்தான் மாவுக்கட்டு.

"எங்கம்மா சொல்லியிருந்தா கூட போயிருக்க மாட்டேன்க்கா. நீங்க சொன்னீங்கன்னுதான்..."

"அது நான் இல்லம்மா" என்றேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன் என்பதுபோலப் பார்த்தாள்.

மாலை

தம்பி வந்தான். என் பக்கம், கச்சேரித் தேதி எல்லாம் அவன் பொறுப்பு. கேட்டேன். சிரிக்கிறான்!

"ஓ, சின்னக்காவா? மெஷின்க்கா. உன் பேட்டி, நேரலை எல்லாம் போட்டுப் பழக்கியிருக்கோம். நீ பெரியக்கா, அது சின்னக்கா."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல. ஆயிரக்கணக்குல எழுதுறாங்க, உன்னால உக்காந்து பதில் சொல்ல முடியுமா?"

முடியாது. அப்படியானால் சொல்லாமல் விடு! பதில் வராவிட்டால் 'திமிர் பிடித்தவள்' என்று திட்டிவிட்டுப் போகட்டுமே. ஆரம்பத்தில் கொஞ்சம் பேர்தான் கேட்டார்கள். குக்கர் விசில் அடிப்பதற்குள் நாலு பேருக்கு எழுதிவிடுவேன். ஒரு லாரி ஓட்டுநர் எந்தச் சாலையில் போகிறார், எந்தப் பாட்டு ஓடுகிறது என்று எழுதுவார். அவர் மகள் பரீட்சை எழுதியது எனக்குத் தெரியும். இப்போது அவருக்கும் சின்னக்காதான் பதில் சொல்கிறாளாம்.

பக்கத்தின் தலைப்பில் என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? 'உங்களோடு நேரடியாக.' நேரடியாக!

அந்தக் குரல்செய்தியைக் கேள் என்றேன். "அப்புறம் கேக்குறேன்" என்று போய்விட்டான்.

மார்ச் 5

நானே நேரலையில் உட்கார்ந்தேன். தொண்டை கட்டிய குரலோடு உண்மையைச் சொன்னேன். அந்தப் பதில்கள் எதுவும் என்னுடையவை அல்ல, என் பேரைச் சொல்லி வந்த எந்த அறிவுரையையும் கேட்காதீர்கள் என்றேன்.

பாதிப் பேர் கோபப்பட்டார்கள். அது நியாயம். மீதிப் பேர் எழுதியது தாங்கவில்லை. 'பரவாயில்லை, அது தினமும் காலை வணக்கம் சொல்லும், எடுத்துடாதீங்க.' இன்னொருவர்: 'நீங்களா இது? உங்க குரல் மாதிரியே இல்லையே.'

என் குரல் மாதிரி இல்லையாம். என்னிடமே சொல்கிறார்கள்.

மார்ச் 6

அவள் கடையில் இல்லை. "புருஷன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். இனி வேலைக்கு வர மாட்டாளாம். அவ முகமே சரியில்ல" என்றார் கடைக்கார அம்மா. அவளிடம் நான் பேசியதால்தானோ? இல்லை. என் தலையில் இதையும் தூக்கிப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

தம்பியைப் பிடித்து உட்காரவைத்து அந்தச் செய்தியைக் கேட்க வைத்தேன். முழுதாக. பிறகு மாவுக்கட்டைச் சொன்னேன். எழுந்து சாவியை எடுத்தான். "வண்டிய எடுக்கிறேன். வீடு எங்க?" என்றான்.

மார்ச் 7

நேற்று அங்கே போய் வந்ததை அப்போதே எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கடைக்கார அம்மா வழிகாட்டினார். மாடிக் குடியிருப்பு. கதவைத் திறந்தவன் என்னை அடையாளம் கண்டு பல்லைக் காட்டினான். "வாங்க வாங்க! நீங்க சொன்னதத்தான் இவளுக்கு டெய்லி போட்டுக் காட்டுறேன்."

"நான் அப்படிச் சொல்லல."

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து அந்தக் குரல்செய்தியை ஓடவிட்டான். அனுசரிச்சுப் போகணும். வீட்டுக்குப் போ. வாசலில் நின்று என் குரலோடு நானே மல்லுக்கட்டினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்தக் குரல்தான் நிதானமாக, அன்பாக இருந்தது. நான்தான் பொய் சொல்கிறவள் மாதிரி இருந்தேன். சுவரோரம் நின்ற அவள் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் தம்பி முன்னால் வந்தான். "அது நான் பண்ணின மெஷின்ம்மா. அக்காவுக்குத் தெரியவே தெரியாது. தப்பு என்னோடது."

அவள் செருப்பைத் தேடினாள். புருஷன் குறுக்கே வந்தான். கடைக்கார அம்மா போட்ட சத்தத்தில் மாடி முழுக்கக் கதவு திறந்தது. இத்தனை பேர் பார்க்க அவன் கையை ஓங்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் இறங்கி வந்தோம்.

மார்ச் 12

தம்பி சின்னக்காவை நிறுத்திவிட்டான். பக்கத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். லாரிக்காரருக்கு நானே எழுதினேன். 'உண்மையான நீங்கன்னு எப்படி நம்புறது?' என்று கேட்டிருக்கிறார்.

மார்ச் 20

அவள் எங்கள் முன்னறையில்தான் இருக்கிறாள். புகார் கொடுத்தாயிற்று. வக்கீலம்மா வந்து பேசிவிட்டுப் போனார். ஒரு கையாலேயே வீட்டுத் துணி முழுதும் மடித்து வைக்கிறாள், வேண்டாமென்றால் கேட்பதில்லை.

தொண்டை சரியாகிவிட்டது. காலையில் சாதகம் செய்ய உட்கார்ந்தேன். முதல் வரி முடிவதற்குள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பாட்டுன்னா எனக்கு உயிரு. ஆனா இப்ப... அந்தக் குரல் கேட்டாலே கை வலிக்குதுக்கா."

சரிம்மா என்றேன். சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். படிக்கட்டுக் கதவையும் சாத்தினேன்.