சாவுக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? திராட்சை வெட்டு முடிந்ததா?

அமெரிக்காவில் பனிப்புயல் என்று டிவியில் பார்த்துப் பயந்திருப்பீர்கள். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சில நாள் கரண்டு இல்லை, அவ்வளவுதான். பெரியவர்களை ஒரே அறையில் சேர்த்துப் படுக்கவைத்துச் சமாளித்தோம். மார்கரெட் அம்மையார் மட்டும் குளிர் தாங்காமல் இறந்துவிட்டார். கடைசிவரை என் கையை அவர் விடவில்லை.

மின்சாரக் கம்பெனியோ, பனிக்குத் தயாராக இருக்கச் சொல்லிச் சட்டமே இல்லை என்கிறது. அரசாங்கமோ, மின்சாரத்தைத் தனியாருக்கு விட்டாயிற்று, நிவாரணத்தையும் அங்கேயே கேளுங்கள் என்கிறது.

நேற்று அரசாங்க அதிகாரிகள் இதைப் பற்றி விசாரணை நடத்தினார்கள். என்னோடு வேலை பார்க்கும் போடிக்காரி ஜெபஷீலா, "பேசாம இருத்தா, வேலை போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"கம்பெனிக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தது நீங்கள். இந்தச் சாவுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றேன்.

அதிகாரி பெயர் கேட்டார். "சுருளிப்பட்டி முத்துராமலிங்கம் மகள் நாகஜோதி" என்று சத்தமாகச் சொன்னேன். மார்கரெட்டின் மகள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். எங்கள் இல்லத்துக்கு ஜெனரேட்டர் தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். மார்கரெட்டின் சாவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

நேற்றிலிருந்து மேனேஜர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஜெபஷீலாவின் அண்ணன் இங்கே வரும்போது சுக்குப்பொடி கொடுத்துவிடுங்கள். அம்மா உடுத்திய பழைய நூல் சேலை ஒன்றும் வேண்டும். கம்பளிக்குள் தூக்கம் வரவில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த விசாரணையில் பேச முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
நாகஜோதி