போனில் காணாமல் போன முந்தானை

வியாழக்கிழமை, இரவு

சிரிப்பு அடங்கினால்தான் தூக்கம் வரும்.

தி. நகர் சேலைக் கடைக்கு நான் வடிவமைத்த இணையதளத்தை நாளை திறக்கிறார்கள். கணினியில் அழகாகத்தான் இருந்தது. முதலாளி செல்வி அக்கா இன்று தன் போனில் பார்த்துவிட்டு, "என்னம்மா, முந்தானையக் காணோம்! அதப் பாக்காம எவ சேல எடுப்பா?" என்றார். போன் திரைக்குள் அடங்கட்டும் என்று படத்தின் ஓரங்களை வெட்டியது நான்தான்.

கடையிலேயே உட்கார்ந்து மாற்றினேன். இப்போது போனில் முந்தானைதான் முதலில் வரும். விரலால் தள்ளத் தள்ள, கடையில் விரித்துக் காட்டுவது போலவே சேலை விரியும். அக்கா தள்ளிக்கொண்டே போனவர், "இந்த மாம்பழக் கலரு நம்ம கடையிலயா இருக்கு?" என்று கேட்டு, தளம் திறக்கும் முன்பே முதல் ஆர்டரை அவரே போட்டுவிட்டார்.

அந்தச் சேலை அவர் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் இருந்தது.