டாக்டருக்குச் சொல்வது இரண்டாவது

அன்பு அக்காவுக்கு,

சுதா வரும் செவ்வாய்க்கிழமை சென்னையில் பரீட்சை எழுதுகிறாள். கனடாவில் நர்ஸ் வேலை பார்க்க உரிமம் தரும் பரீட்சை. போன முறை தவறிவிட்டது. உன் மகளுக்குத் தெரியாத பாடம் இல்லை. பிறகு ஏன் என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற டீச்சர் சும்மா இருப்பாளா? தருமபுரத்து வீட்டில் தினமும் மாலை அவள் லேப்டாப்போடு உட்கார, நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். இது நம் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இல்லை அக்கா. சில கேள்விகளில் நான்கு விடையும் சரியாகத்தான் தெரியும். எதை முதலில் செய்வாய் என்பதுதான் கேள்வி. வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்து முட்டியில் ரத்தம் வந்தால், துணியை வைத்து அழுத்துவதும் சரி, தலைமையாசிரியரிடம் சொல்வதும் சரி. எது முதலில்? நான் முப்பது வருஷமும் முதலில் தலைமையாசிரியருக்கு ஆள் அனுப்பியவள்.

சுதாவும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் திரையில் ‘டாக்டரிடம் தெரிவிப்பேன்’ என்ற விடையையே தொடுகிறாள். நேற்று ஒரு கேள்வி: படுத்திருக்கும் நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? அவள் டாக்டரைத் தொட்டாள். நானும் தலையாட்டினேன். தவறு என்று வந்தது. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பதுதான் முதல் வேலையாம்.

“டாக்டருக்குச் சொல்றது தப்பாம்மா?”

“தப்பில்ல சின்னம்மா. அது ரெண்டாவது.”

“நானா இருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்.”

“நீங்க திருத்துனா நான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு.”

சிரித்தவள் அந்தக் கேள்வியைத் திரும்பப் படித்தாள். “அம்மாவுக்கு மூச்சுத் திணறுனப்ப இதத்தானே பண்ணுனேன்? தலைகாணிய அடுக்கி உக்கார வச்சுட்டுதானே டாக்டருக்குப் போன் பண்ணுனேன்?” என்றாள். பிறகு மெதுவாக, “நீங்க அன்னிக்குச் சொன்னதுலேர்ந்து டாக்டரத் தவிர வேற எதுக்கும் கை போவ மாட்டேங்குது.”

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். கோட்டுச்சேரி சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, “நர்ஸுக்குப் படிச்சவ, மொதல்ல டாக்டரக் கூப்பிட்டிருக்கலாமே” என்று அவளைக் கேட்டேன். எனக்கு அப்போது யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

நேற்றே அவளிடம், “நான் சொன்னது தப்பு சுதா” என்றேன்.

“சரி, அடுத்த கேள்விக்குப் போவோம் சின்னம்மா” என்றாள். அடுத்த கேள்வியில் அவள் டாக்டரைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை எப்படிப் போகுமோ தெரியாது. நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா அக்கா?

அவள் தேறினாலும் தேறாவிட்டாலும் ஒன்று செய்யப் போகிறேன். அடுத்த மாதம் உன் முதல் திதிக்கு அதே சொந்தங்கள் வருவார்கள். இலை போடுவதற்கு முன் அத்தனை பேர் எதிரிலும் சொல்வேன், உன் மகள் முதலில் செய்ய வேண்டியதைத்தான் முதலில் செய்தாள் என்று.

உன் தங்கை,
சுதாவின் சின்னம்மா