பெண் கேட்க வந்தவர் குடித்த அய்ரான்

சுசுர்லுக்,
ஜூலை, ஞாயிறு காலை

என் கண்ணு தய்லானுக்கு, அம்மா எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் உன் தங்கை குல்தெனும் சுகம், அப்பாவுக்கும் குறையில்லை, வாய் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஹாம்பர்க்கில் மூடி ஒட்டிய பிளாஸ்டிக் டம்ளர் அய்ரானை வாங்கிக் குடிப்பதாகச் சொன்னாயே, நம் ஊர் நுரை அய்ரானைத் தவிர எதையும் மதிக்காத அப்பாவிடம் அதை நான் மூச்சு விடவில்லை, வீட்டில் நிம்மதி வேண்டுமல்லவா. நல்ல கெட்டித் தயிராகப் பார்த்து வாங்கி நீயே கலந்துகொள். முதலில் தயிரைத் தனியாக அடி, பிறகு குளிர்ந்த தண்ணீர், உப்பு கடைசியில். ஐஸ் மட்டும் போடாதே, சப்பென்று ஆகிவிடும்.

இப்போது பெரிய செய்தி. நேற்று குல்தெனைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் யால்சின், எர்ஸுரூமில் பள்ளி ஆசிரியர், உன் தங்கையோடு ஒன்றாகப் படித்தவன், அவளுக்கு அவன்தான் வேண்டும். அப்பாவுக்கோ ஊரின் பெயரைக் கேட்டதிலிருந்தே கடுகடுப்பு. ஒருத்தன் ஜெர்மனியில், ஒருத்தி நாட்டின் அந்தக் கோடியில், நாம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரணுமா என்று தினமும் ஒரே பாட்டு. அவர்கள் கேட்டதும் யோசித்துச் சொல்கிறோம் என்று பதில் சொல்வதாக முடிவு செய்துவிட்டார், நம் பக்கம் அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம், உனக்குத் தெரியும். நான் கெஞ்சிப் பார்த்தேன், அசைந்தால்தானே. குல்தென் சரியாகச் சாப்பிட்டே நாளாயிற்று, முகம் சுருங்கிப்போய்விட்டாள்.

ஆனால் பெண்ணைக் கொடுக்காவிட்டாலும் வீட்டு அய்ரானை ஒருவன் குறை சொல்லிவிடக் கூடாதாம். காலையிலேயே பால்கடைக்குப் போய், இது புளிப்பு, அது தண்ணி என்று அந்த மனிதரைப் படுத்தியெடுத்து, பாதி செம்மறித் தயிர் பாதி பசுந்தயிர் வாங்கிவந்து, நுரை கோபுரமாக நிற்கும்வரை தானே அடித்தார். யால்சினுக்கு அப்பா இல்லை, ஹாஷிம் என்று அவனுடைய பெரியப்பாதான் கேட்க வந்திருந்தார். இரண்டு நாள் கார் பயணம், கொளுத்துகிற வெயில் வேறு. ஆகா, இதுவல்லவோ அய்ரான் என்று அவர் குவளை குவளையாகக் குடிக்க, புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துவிடுகிற உன் அப்பா மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார். யால்சின் மட்டும் தன் குவளையைத் தொடவில்லை, அப்பா முகம் கறுத்துவிட்டது. அய்ரான் தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவருக்குத் தெரியவில்லை. நாங்கள் காபித் தட்டோடு வந்து பார்த்தால் பெரியப்பா தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு குறட்டை விடுகிறார்!

பெரிய மனிதரை, அதுவும் விருந்தாளியை, யார் தட்டி எழுப்புவது? அவரைத் தவிர வேறு யார் பெண் கேட்பது? காபி ஆறியது. தெருமுனை வரை குரல் கேட்கிற உன் அப்பா குசுகுசுவென்று பேச வேண்டியதாயிற்று. எங்கள் அய்ரான் ஆகாதா தம்பி என்று யால்சினிடம் கேட்டார். அவனும் மெதுவாக, "ஆசைதான் மாமா. நானும் குடிச்சுட்டுத் தூங்கிட்டா வண்டியை யாரு ஓட்டுறது? பெரியப்பா தூங்கட்டும், நான் முழிச்சிருக்கேன்" என்றான். பிறகு மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, செம்மறித் தயிர் சேர்ந்திருக்கிறது, உப்பு கச்சிதம், ஆனால் நுரையெல்லாம் கண்ணுக்குத்தான், எங்கள் ஊரில் நுரையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றானே பார்க்கலாம். அப்பா விடுவாரா! கிசுகிசுக் குரலிலேயே ஒரு மல்லுக்கட்டு. அவன் ஒரு பக்கம் வாதம் செய்துகொண்டே பெரியப்பா கழுத்துக்குத் தலையணை வைத்தான், ஈ விரட்டினான், அப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நீ போனதிலிருந்து அவரிடம் சமமாக நின்று சண்டை போட இந்த வீட்டில் ஆளே இல்லை தய்லான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பெரியப்பா விழித்தார். சண்டை எப்போதோ வேடிக்கையாகி அப்பாவும் யால்சினும் தலையோடு தலை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று என்றே நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, "பொண்ணைக் கொடுத்துட்டீங்க சம்பந்தி, என் மனசு நிறைஞ்சுபோச்சு" என்றார். ஆறிய காபியை எடுக்க வந்த குல்தென் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவும் அவளைப் பார்த்தார். "ஆமா சம்பந்தி, கொடுத்துட்டேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு அய்ரான் அடித்த செம்புப் பாத்திரத்தை அப்பா தானே கழுவிக்கொண்டிருந்தார். இதற்காகவா என் பிள்ளையை இத்தனை நாள் அழவைத்தீர்கள் என்று கேட்டேன். திரும்பாமலே, "கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கலையே" என்றார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சந்தோஷம்தான், ஆனாலும் வந்தது.

அக்டோபரில் கல்யாணம், இன்ஷா அல்லாஹ். இப்போதே லீவு சொல்லி வை. பெண்ணை வாசல் தாண்டி அனுப்பும்போது அவள் இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டியது அண்ணன், அவளுக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கை தொட்டதெல்லாம் பரக்கத்தாகட்டும். நீ வந்து கட்டும்வரை அவளை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

உன் கண்ணில் முத்தமிடும்
அம்மா நஸ்மியே