அம்மா மட்டும் வருகிறாள்

பசியாவரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பூவிழிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை தீனாவும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீதான் மூன்று மாதமாக என்னோடு பேசுவதில்லையே. அம்மாவோடு மட்டும் பேசுகிறாய், அவள் ஸ்பீக்கரில் போடுவாள், நான் கொஞ்சம் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டு உன் குரலைக் கேட்டுக்கொள்வேன். அதனால்தான் இதை எழுதி அம்மாவின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விமானம், நீ படிக்கும்போது அவள் உன் வீட்டில் இருப்பாள்.

போன வருடம் நீ இருக்கும் நாட்டுக்கு வர ஆறு மாத விசாவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் எழுதிப் போட்டோமே, அது திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். பொன்னேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெனிஃபர்தான் அந்தத் தாளைப் படித்துச் சொன்னாள். நாங்கள் திரும்பி ஊருக்கு வருவோம் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் எங்கம்மா போவேன், இந்த ஏரிய விட்டா எனக்கு இன்னா தெரியும்"னு அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள், "அண்ணே, அது உங்களுக்குத் தெரியும், அவங்களுக்குக் காகிதம்தான் தெரியும், நிலம் இருக்கா, பேங்க்ல பணம் இருக்கா"னு. ஏரியில் முறை வைத்து வலை போடும் 'பாடு' என்கிற ஏற்பாட்டில் எனக்கு இடம் உண்டு, என் அப்பனுக்கும் இருந்தது, ஆனால் ஏரித் தண்ணீருக்கு யார் பட்டா கொடுப்பார்கள். கட்டிய பணமும் திரும்பவில்லை.

அப்புறம்தான் நீ இந்தப் பெரிய விசாவைச் சொன்னாய். பெற்றவர்கள் வந்தால் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரைகூட இருக்கலாம், காப்பீடு எடுக்க வேண்டும், உடம்புப் பரிசோதனை செய்ய வேண்டும், கூட்டிக்கொள்கிற பிள்ளையின் வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று. நீ எல்லாவற்றையும் லேசாகத்தான் சொன்னாய். ஜெனிஃபரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் எத்தனை தலையோ அத்தனைக்குத் தகுந்த மாதிரி வருமானம் காட்ட வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு வருடக் காப்பீடு மட்டுமே நம் காசில் லட்சத்துக்கு மேல் ஆகும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். அம்மா ஒருத்தி என்றால் உங்கள் சம்பளம் போதும், நானும் சேர்ந்தால் போதாது. அன்று சாயங்காலமே தீனா எனக்குத் தனியாகப் போன் பண்ணினான். "மாமா, வயித்துல நாலு மாசப் புள்ளையோட ஆஸ்பத்திரியில டபுள் டூட்டி பாத்துகினு இருக்கா, கால் வீங்கிப்போச்சு, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா"னு சொன்னான். அவன்மேல் கோபப்படாதே, நல்ல பிள்ளை, பயந்துபோய்ச் சொன்னான்.

அதற்கு மறுநாள்தான் நான் உன்னிடம் வரமாட்டேன் என்று சொன்னது. படகுக்குப் புது இன்ஜின் வாங்கியிருக்கிறேன், பாடு முறையை விட்டால் போய்விடும், என் பேரை எடுத்துவிடு என்று சொன்னேன். "உனக்கு ஏரிதான் பெரிசு நைனா, நான் இல்ல"ன்னு சொல்லிப் போனை வைத்தாய். வைத்த பிறகும் நான் வெகு நேரம் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பூவிழி, புது இன்ஜின் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நீ பிடிவாதம் பிடித்திருந்தால் பிரசவத்துக்கு யாருமே வந்திருக்க முடியாது. அதற்காகச் சொன்ன பொய் அது.

அம்மாவும் அதை நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் விசா வந்த தாளை அச்சடிக்கப் போனபோது ஜெனிஃபர் வாய் தவறி அந்த வருமானக் கணக்கைச் சொல்லிவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டும்போது அத்தனை பேர் முன்னால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. "பொய் சொல்ல உனக்கு வரவே வராதுயா, படகுல கெடக்குற இன்ஜினு எனக்குத் தெரியாதா, நீ எதுக்கோ சொல்றன்னு விட்டுட்டேன்"னு சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நானும் போகவில்லை என்று ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னேன். பூவிழி பிறந்தபோது ஏரியில் வெள்ளம், அக்கரையிலிருந்து உன் அம்மா மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள், அந்த மூன்று நாள் நீ எப்படிக் கிடந்தாய் சரோஜா, யோசித்துப் பார் என்று. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் கருவாட்டுக்கு மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், உனக்குக் கொடுத்து அனுப்ப வேண்டுமாம். அங்கே விட மாட்டார்கள் என்றேன், விடாவிட்டால் அங்கேயே தின்றுவிட்டுப் போகிறேன் என்றாள். ஜெனிஃபரிடம் விதியைக் கேட்டு அப்புறம்தான் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வர ஆசை இல்லை என்று மட்டும் நினைக்காதே. முதல் தடவை எழுதிப் போட்டபோதே பொன்னேரியில் ஷூ வாங்கினேன். சேற்றிலேயே நடந்த காலுக்கு அது பழகட்டும் என்று வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடப்பேன், அம்மா சிரிப்பாள். நீ போய் நாலு வருடம் ஆகிறது. போனில் தெரிகிற முகத்தில் உன் நெற்றிப் பக்கம் ஒரு நரைமுடி பார்த்தேன், என் கண்தான் தப்போ என்னவோ.

அம்மாவைப் பற்றிச் சில விஷயம். பிரஷர் மாத்திரை ஆறு மாதத்துக்கு டாக்டர் சீட்டோடு வைத்திருக்கிறேன். குளிர்கிறது என்று வாய் திறந்து சொல்ல மாட்டாள், கையைத் தொட்டுப் பார். விமான நிலையத்தில் கேட்டால், மகளுக்குப் பிரசவம், வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறார், திரும்பிப் போவேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்தான். காப்பீட்டுத் தாளும் உன் அழைப்புக் கடிதமும் கைப்பையிலேயே இருக்கின்றன. அங்கே வந்த பிறகு அவள் எத்தனை மாதம் இருக்கிறாள் என்பது அவள் இஷ்டம், ஐந்து வருடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காகப் பிடித்து வைக்காதே, நைனா தனியாக இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியும் விடாதே. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், குழம்புக்கு உன் சித்தி அங்காளம்மாள் இருக்கிறாள்.

இனிமேல் டபுள் டூட்டி வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சுகப் பிரசவமாகி நீயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் போனைப் பக்கத்தில் வைத்து அழுகிற சத்தத்தைக் கேட்க விடு, அது போதும் எனக்கு.

கோபம் தீர்ந்தால் ஒரு போன் பண்ணு. தீராவிட்டாலும் பண்ணு.

உன் நைனா,
கோதண்டம்